அலமாரிக்குள் அலுவலகம் கண்ட படலம்

வாழி, வாழி! மின்விசிறியை நிறுத்தி வியர்வையை வென்றவள்; குளிர்சாதனப்பெட்டியின் முனகலைப் பிளக்கோடு பிடுங்கி அடக்கியவள்; முப்பத்திரண்டு புடவைகளும் பதினாறு சட்டைகளும் ஐந்து கம்பளிகளும் மதில்சூழ நின்ற மூன்றடி அகலத் துணி அலமாரியை அரண்மனையாகவும், அதனுள் கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் முக்காலியை அரியணையாகவும் கொண்டவள்; எந்த வருகைப் பதிவேட்டிலும் பெயரில்லாதவள், ஆனால் எந்த நாளும் விடுப்பில்லாதவள்; அட்டைகளுக்கு நடுவே துயிலும் கதைமாந்தரைத் தட்டியெழுப்பி, முகமறியாத ஆயிரம் செவிகளுக்குள் நடமாட விடுபவள்; குரலரசி வாழி! அவள் பதினொரு நிமிட அமைதிக்காக ஐந்து மணி நேரம் ஆற்றிய அருஞ்சமரைச் சொல்லப் புகுந்தோம். கேட்கிறவர்கள் தயவுசெய்து கைப்பேசியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அன்றைக்கு யாரும் அணைக்காததால்தான் இவ்வளவும்.

குரலரசியின் தொழில் புத்தகங்களை உரக்கப் படித்துப் பதிவு செய்வது. நிறுவனங்கள் நூலை அனுப்பும். அவள் அலமாரிக்குள் அமர்ந்து, துணிகள் எதிரொலியை விழுங்க, மைக்கின் முன் வாசித்து, ஒலிநூலாக்கி அனுப்புவாள். எவரிடமும் நிரந்தர வேலையில்லை, கேட்டவர்க்குச் செய்து கொடுப்பவள். இதைத்தான் உலகம் ஃப்ரீலான்ஸ் என்கிறது. உலகம் அப்படிச் சொல்லலாம், அவள் வாழ்ந்த வளாகத்தின் நான்கு வீடுகளும் அதைச் சொன்ன விதமே வேறு.

"அவளா? சும்மாதான் இருக்கா. உள்ள அலமாரியில உக்காந்து என்னமோ பேசிக்கிட்டு இருப்பா."

இப்படி மொழிந்தவர் வேறு யாருமல்லர், அவளுடைய மாமனாரே. முப்பத்தாறு ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில், ஒரே நாற்காலியில், ஒரே சன்னலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, கோப்புகளின் கடலைக் கடைந்தெடுத்து ஓய்ந்த பெருந்தகை. கெட்ட மனிதரில்லை. ஆனால் வேலை என்றால் அவருக்கு ஓர் இலக்கணம் உண்டு: காலை எட்டு நாற்பதுக்குக் காலில் செருப்பு ஏற வேண்டும், தோளில் பை தொங்க வேண்டும், வாசல் கதவு சாத்தப்படும் ஓசை தெருவுக்குக் கேட்க வேண்டும். அவருடைய மகன், அதாவது குரலரசியின் கணவன், இந்த மூன்றையும் தவறாமல் செய்தான். ஆகவே அவன் உழைப்பாளி. மருமகள் வீட்டுக்குள்ளேயே வேலைக்குப் போய் வீட்டுக்குள்ளேயே திரும்பினாள். ஆகவே அவள் சும்மா.

அத்தகைய ஒரு நாளின் காலை பத்து மணிக்குப் போர்ப்பறை முழங்கியது. ஒலிநூல் நிறுவனத்துப் பெண் அலுவலர் அழைத்தார்.

"மேடம், நீங்க அனுப்பின கடைசி அத்தியாயம் கேட்டோம். அருமை. ஒரே ஒரு பிரச்சினை. கப்பல் தலைவர் உயிர் போற இடத்துல குக்கர் விசில் அடிக்குது."

குரலரசி கைப்பேசியைக் காதோடு அழுத்தினாள். "விசிலா?"

"மூணு. முதல் ரெண்டும் கப்பல் சங்குனு நினைச்சோம். அவர் செத்தப்புறமும் ஒண்ணு அடிக்குது."

"பக்கத்து வீடு மேடம்."

"இருக்கட்டும். அந்தப் பதினொரு நிமிஷத்தையும் முழுசா திரும்பப் படிச்சுக் குடுத்துடுங்க. நடுவுல ஒட்டுப்போட வேணாம், குரல் மாறுறது தெரியுது. இன்னிக்கு மூணு மணிக்குள்ள வேணும். இந்தக் கப்பல் வரிசையில இன்னும் பன்னிரண்டு பாகம் இருக்கு. இது நேரத்துக்கு வந்தா எல்லாம் உங்களுக்குத்தான். வரலைனா இன்னொரு குரல் பாத்து வச்சிருக்கோம்."

பன்னிரண்டு பாகம்! ஓராண்டு முழுக்கக் கடலும் புயலும் கொள்ளையரும் அவள் நாவில் குடியிருப்பார்கள். மூன்று ஆண்டுகளாகச் சமையல் குறிப்பும் காப்பீட்டு விதிமுறையும் படித்துப் படித்து நொந்த நாவு அது. மூன்று மணிக்குள் பதினொரு நிமிடம், இடையறாத, விசிலற்ற, மணியற்ற, மனிதரற்ற பதினொரு நிமிடம் கிடைத்தால் போதும். கோட்டையையும் கொடியையும் கேட்டாளா அவள்? ஒரு பாத்திரம் உருளாத நேரம்தானே கேட்டாள்?

களம் புகுமுன் கவசம் பூண்டாள். வயிறு குடுகுடுத்தால் மைக் வாங்கிவிடும் என்பதால் ஒரு வாழைப்பழம் தின்றாள். வாய் உலர்ந்தால் நாக்கு ஒட்டும் என்பதால் வெதுவெதுப்பான நீர் அருந்தினாள். வளையல்களைக் கழற்றினாள். சன்னல் இடுக்குகளில் துண்டுகளைத் திணித்தாள். குக்கர் வைத்த குற்றத்துக்காகப் பக்கத்து வீட்டுக்கு நேரில் போய், இன்றைக்கு மட்டும் பாத்திரத்தில் வடித்துக்கொள்ளும்படி தூது பேசி, ஒப்பந்தம் முடித்துத் திரும்பினாள். பின்னர் ஹெட்போன் என்னும் காதணிக்கருவியை இருபுறமும் கவ்வவிட்டு, அலமாரிக் கதவை உட்புறமாக இழுத்துச் சாத்தி, இருளில் ஒரு சிறு விளக்கேற்றி, கப்பல் தலைவனைச் சாகடிக்க ஆயத்தமானாள்.

இங்கே அவள் தொழிலின் ஒரு மரபைச் சொல்லியாக வேண்டும். வாசிக்கையில் பிழை நேர்ந்தால் பதிவை நிறுத்தமாட்டார்கள். 'பட்'டென்று ஒரு கை தட்டுவார்கள். திரையில் ஓடும் ஒலிக்கோட்டில் அந்தத் தட்டு ஒரு பனைமரம்போல் எழுந்து நிற்கும். பின்னால் பிழையைத் தேடித் திருத்த அதுவே அடையாளம். ஆண்டுக்கணக்கில் தட்டித் தட்டி, பிழை காதில் விழுமுன்னே கை தட்டிவிடும் நிலைக்குக் குரலரசி வந்திருந்தாள். கனவிலும் தட்டுவாள் என்று கணவன் ஒருமுறை புகார் செய்ததுண்டு.

கப்பல் தலைவன் படுக்கையில் கிடந்தான். கடல் அமைதியாக இருந்தது. மாலுமிகள் தொப்பியைக் கழற்றினார்கள்.

அழைப்பு மணி அலறியது. 'பட்'டென்று தட்டிவிட்டு எழுந்தாள்.

வாயிலில் நின்றாள் எதிர்வீட்டு அக்கா, கையில் சாவிக்கொத்து வேல்போல் மின்ன, முகத்தில் உரிமை பொங்க.

"நான் பல் டாக்டர்கிட்ட போறேன்டி. குழாய்க்காரர் வருவாரு. சாவியைக் குடுத்துட்டு, அவரு வேலை செய்யறப்ப கொஞ்சம் கூட நின்னு பாத்துக்கோ."

"அக்கா, எனக்கு இன்னிக்கு அவசர வேலை இருக்கு."

"வீட்லதானே இருக்க?"

"வீட்லதான் வேலை."

"அதான் சொல்றேன், வீட்லதானே இருக்க! உனக்கென்னம்மா, குடுத்து வச்சவ. தூங்கி எழுந்து நைட்டியோட வேலை. மேல அதிகாரி யாரும் கிடையாது. தோணினா பேசலாம், தோணலைனா படுக்கலாம்."

மேலதிகாரி இல்லை என்பது மெய்தான். ஓர் அதிகாரி இல்லை. ஏழு நிறுவனங்களுக்கு ஏழு பேர், ஒருவருக்கு இன்னொருவர் இருப்பதே தெரியாது, ஏழு பேருக்கும் அவசரம். படுக்கை என்பதும் மெய்தான். கட்டில் முழுக்கக் கம்பிகளும் காகிதங்களும் பரந்து கிடந்ததால் பகலில் அதில் பூனைகூடப் படுக்க இயலாது. இவற்றையெல்லாம் எடுத்துரைக்க வாய் திறந்தாள். ஆனால் அக்கா சாவியை உள்ளங்கையில் அழுத்திவிட்டுப் படியிறங்கிப் போயே விட்டாள். முதற்போரில் குரலரசி தோற்றாள் என்க.

மறுபடி அலமாரி. மறுபடி முதலிலிருந்து. கப்பல் தலைவன் படுக்கையில் கிடந்தான். கடல் அமைதியாக இருந்தது.

இம்முறை கதவைத் திறந்து தலையை நீட்டியவர் மாமனார், கையில் தொலைபேசி. "உன் நாத்தனார் லைன்ல இருக்கா. தைக்கக் குடுத்த துணி ரெடியாயிடுச்சாம், நீ போய் வாங்கிட்டு வந்துடுவியான்னு கேக்கறா."

'பட்.' "மாமா, பதிவு ஓடுது."

"ஓடட்டுமே, நான் என்ன நிறுத்தவா சொன்னேன்?" பிறகு தொலைபேசியில், மறைவு ஏதுமின்றி: "அவ கைதட்டிக்கிட்டு இருக்காம்மா. பாட்டுக் கேக்கறா போல. அப்புறம் போவா."

மூன்றாம் முறை கப்பல் தலைவன் கண்ணைத் திறந்து மகனைத் தேடும் இடம்வரை வந்துவிட்டான். குழாய்க்காரர் வந்தார். சாவி வாங்கினார், போனார், திரும்பி வந்து ஒரு ஸ்பேனர் கேட்டார், போனார், திரும்பி வந்து ஒரு வாளி கேட்டார். "ஏம்மா, சும்மாதானே இருக்கீங்க, கொஞ்சம் வந்து இந்தக் குழாயைப் பிடிச்சுக்குங்களேன்" என்று நான்காம் முறை வந்தபோது மணி ஒன்று நாற்பது. அதற்குள் ஏழு முறை கடல் அமைதியானது, ஏழு முறை மாலுமிகள் தொப்பியைக் கழற்றினார்கள், ஏழு முறையும் அந்தப் பாவப்பட்ட மனிதனைச் சாகவிட ஆளில்லை.

அந்நேரம் குரலரசி கட்டிலின் ஓரத்தில், காகிதங்களின் மீதே அமர்ந்து, ஒரு கணம் சிந்தித்தாள். தன் கணவனைச் சிந்தித்தாள். அவன் உணவு இடைவேளைக்குப் பிறகு அரைமணி நேரம் அலுவலகக் கணினியில் சீட்டாடுவான் என்பது அவளுக்குத் தெரியும், அவனே சொல்லியிருக்கிறான். அந்த அரைமணியில் எந்த அக்காவும் அவனிடம் சாவி கொடுத்ததில்லை. எந்தக் குழாயையும் அவன் பிடித்ததில்லை. 'அவர் வேலையா இருக்கார், தொந்தரவு பண்ணாதீங்க' என்று உலகம் வாளுருவி நின்று அந்தச் சீட்டாட்டத்தைக் காவல் காக்கிறது. ஏன்? அவன் செய்வதனாலா? இல்லை. அவன் போனதனால்!

சிந்தை தெளிந்தது. சேனை எழுந்தது.

கஞ்சி போட்ட பருத்திப் புடவை உடுத்தாள். கைக்கடிகாரம் கட்டினாள். வெறும் தோள்பையில் எடை தெரிய இரண்டு அகராதிகளைப் போட்டாள். காலாவதியான நூலக உறுப்பினர் அட்டையை ஒரு நாடாவில் கோத்துக் கழுத்தில் அணிந்தாள். சமையலறைப் பின்கதவின் தாழ்ப்பாளை ஓசையின்றி நீக்கி வைத்தாள். பிறகு கூடத்தின் நடுவே வந்து நின்று, நாளிதழுக்குள் மூழ்கியிருந்த மாமனாரை நோக்கி, நாற்றிசையும் கேட்கப் பிரகடனம் செய்தாள்:

"மாமா, நான் ஆபீஸ் போயிட்டு வரேன்!"

நாளிதழ் தாழ்ந்தது. பெரியவர் எழுந்து நின்றார். ஆம், எழுந்தே நின்றார்! பதினோரு ஆண்டுகளாக அவள் அந்தக் கூடத்தைக் கடந்தபோதெல்லாம் காலைக்கூட மடக்காத மனிதர்.

"ஆபீஸா? எந்த ஆபீஸ்?"

"ஒலிநூல் ஆபீஸ்."

"அப்படிப் போடு! கூப்பிட்டுட்டாங்களா? போம்மா, போ, நேரமாகுது பாரு. குடை எடுத்துக்கிட்டியா?"

"எதிர்வீட்டுச் சாவி, குழாய்க்காரர்..."

"அதெல்லாம் உனக்கெதுக்கு? வேலைக்குப் போறவ தலையில இதையெல்லாம் கட்டறதா? நான் பாத்துக்கறேன்."

வாசல் கதவு தெருவுக்குக் கேட்கச் சாத்தப்பட்டது. எதிர்வீட்டு வாயிலில் வாளியோடு நின்ற குழாய்க்காரர், சற்றுமுன் 'ஏம்மா' என்றவர், அட்டையைக் கண்டார், பையைக் கண்டார், விலகி வழிவிட்டு, "போயிட்டு வாங்க மேடம்" என்றார். தன்னிலும் உயர்ந்த கழுத்தோடு தெருமுனைவரை நடந்தாள் குரலரசி. முனை திரும்பியதும் ஓடினாள். பின்சந்தின் குப்பைத்தொட்டிகளையும், அவற்றைக் காத்துக் கிடந்த சாம்பல் பூனையையும், இடுப்பளவு உயர மதிலையும், கஞ்சிப் புடவை படபடக்க, இரண்டு அகராதிகள் முதுகில் அறைய, ஒரே மூச்சில் தாண்டினாள். அந்தப் பாய்ச்சலைக் கண்டது பூனை ஒன்றே. அதுவும் சாட்சி சொல்ல மறுத்துவிட்டது.

பின்கதவு. சமையலறை. நுனிக்கால். அலமாரி. மணி இரண்டு பத்து.

வேலைக்குப் போய்விட்ட ஒருத்தியை யாரும் தேடவில்லை. மணி அடிக்கவில்லை. அடித்திருந்தாலும் மாமனாரே போயிருப்பார். கப்பல் தலைவன் கண் திறந்தான். மகனைத் தேடினான். இரண்டாம் நிமிடம். மூன்றாம் நிமிடம். அப்போது கூடத்திலிருந்து, வீட்டில் தனியாக இருப்பதாக நம்பும் முதியவர்களுக்கே உரிய கம்பீரக் குரலில், தொலைபேசிப் பேச்சு ஒன்று புறப்பட்டு, சுவரைக் கடந்து, முப்பத்திரண்டு புடவைகளையும் கடந்து வந்தது.

"உன் அண்ணி ஆபீஸ் போயிருக்காம்மா! ஆமா, பை, வாட்ச், கழுத்துல அட்டை, எல்லாம். நான் சொல்லலை, அவ கெட்டிக்காரினு? பாவம், இத்தனை வருஷமா ஒரு வேலையும் இல்லாம அலமாரிக்குள்ளயே அடைஞ்சு கிடந்தா..."

பிழை! மைக்கில் மாமனார்! அடுத்து நடந்ததற்கு அவளைக் குறை சொல்லாதீர். சிந்தை தடுப்பதற்குள் கை தன் கடமையைச் செய்துவிட்டது.

'பட்!'

கூடத்தில் பேச்சு அறுந்தது.

ஆளில்லாத வீட்டில், மூடிய அறையில், ஒரு கைதட்டல். பெரியவர் தொலைபேசியை வைத்தார். முப்பத்தாறு ஆண்டுகள் அவர் கையெழுத்தைத் தவிர எதையும் ஆயுதமாக ஏந்தியதில்லை. ஆயினும் அன்று, ஒன்பதடி ஒட்டடைக்கம்பை வலக்கையில் தாங்கி, தலைப்புறம் தும்புக்கற்றை கொடிபோல் அசைய, படுக்கையறை நோக்கி அடிமேல் அடி வைத்து முன்னேறினார். காதணிக்கருவிக்குள் அடைபட்டிருந்த குரலரசியோ, பேச்சு நின்றதைத் தெய்வச்செயல் என்றெண்ணி, மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தாள். கப்பல் தலைவனுக்காக அவள் வைத்திருந்தது அடிவயிற்றிலிருந்து எழும் கரகரத்த ஆண்குரல்.

"என்னை வெளியே கொண்டு போகாதீர்கள்" என்றது அலமாரி. "நான் இங்கேயே செத்துவிடுகிறேன்."

கம்பு ஓரடி பின்வாங்கியது. "யாருடா அது?"

"எனக்குக் காற்று வேண்டாம்" என்றது அலமாரி. "என் பாவங்கள் என்னோடு மூழ்கட்டும்."

"வெளிய வாடா திருட்டுப் பயலே!" என்று முழங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பெரியவர் கதவை இழுத்துத் திறந்தார்.

திறந்த கண்முன், கம்பளிகளின் நடுவே, முக்காலியின்மேல், கஞ்சிப் புடவையும் கைக்கடிகாரமும் கழுத்தட்டையுமாக, நெற்றியில் வியர்வை ஆறாய் ஓட, மடியில் நூலோடு மருமகள் அமர்ந்திருந்தாள். ஒட்டடைக்கம்பின் நுனி அவள் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் அசைந்துகொண்டிருந்தது.

அலமாரிக்குள்ளிருந்து அடுப்பைத் திறந்தாற்போல் வெக்கை வந்து அவர் முகத்தில் அடித்தது. அவர் புடவைகளைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். நூலின் ஓரமெங்கும் பென்சிலில் நெருக்கி நெருக்கிப் போட்டிருந்த குறிகளைப் பார்த்தார்; எங்கே மூச்சு, எங்கே நிறுத்தம், எங்கே குரல் தாழ்வது என்று. கோப்புகளோடு வாழ்ந்தவருக்கு ஓரக்குறிப்பின் மதிப்புத் தெரியும்.

"இங்க என்னம்மா பண்ற?"

"ஆபீஸ்ல இருக்கேன் மாமா."

பெரியவர் அந்தப் பதிலை மென்று, விழுங்கி, செரித்தார்.

"அந்தக் குரல்?"

"கப்பல் தலைவர். சாகப் போறார். காலையில இருந்து சாக விட மாட்டேங்கறீங்க எல்லாரும்."

"இதுக்குத்தான் கைதட்டறதா?"

"தப்பு வந்தா தட்டணும்."

"அப்ப இத்தனை வருஷமா நீ..." என்று தொடங்கியவர் அந்த வாக்கியத்தைக் கோப்பில் கட்டி வைத்துவிட்டு, வேறொன்று கேட்டார். "எத்தனை மணிக்கு முடியும் ஆபீஸ்?"

"மூணு மணிக்குள்ள அனுப்பணும். பதினொரு நிமிஷம் சத்தமில்லாம வேணும். கிடைச்சா பன்னிரண்டு புத்தகம்."

மணி இரண்டு முப்பத்தொன்று. பெரியவர் ஒட்டடைக்கம்பைத் தாழ்த்தினார். அலமாரிக் கதவைச் சாத்தினார். அதிகாரியின் அறைக்கதவை வெளியிலிருந்து சாத்துவதுபோல, இரண்டு கையாலும், மெல்ல.

அதன்பின் அந்த வீட்டைக் கண்டவர் கண்டார். தொலைபேசிக் கம்பி பிடுங்கப்பட்டது. அழைப்பு மணியின் வாயில் கைக்குட்டை திணிக்கப்பட்டது. வாசலுக்கு வெளியே ஒரு நாற்காலி போடப்பட்டு, அதன்மேல் மாமனார், முழங்கால்களின் குறுக்கே ஒட்டடைக்கம்பு கிடக்க, காவல் தெய்வமென வீற்றிருந்தார். சாவியோடு குழாய்க்காரர் வந்தார். பல்லில் பஞ்சோடு எதிர்வீட்டு அக்காவும் வந்து சேர்ந்தாள்.

"அவ எங்க? ஒரு நிமிஷம் வரச் சொல்லுங்களேன், குழாய் இன்னும்..."

"ஆபீஸ்ல இருக்கா" என்றார் கிசுகிசுப்பாக.

"எப்ப வருவா?"

"மூணு மணிக்கு மேல."

"நீங்க ஏன் ரகசியமா பேசறீங்க?"

"ஆபீஸ் நேரத்துல சத்தம் போடக் கூடாது."

அக்கா பல்வலியையும் மறந்து வாயைப் பிளந்தாள். கம்பு ஓர் அங்குலம் உயர்ந்தது. இருவரும் அகன்றனர்.

ஆனால் புறப்பகை வென்ற வீரனுக்கு அகப்பகை உண்டன்றோ? ஐந்தாம் நிமிடத்தில் பெரியவரின் தொண்டையில் இருமல் ஒன்று கருக்கொண்டது. எத்தகைய இருமல்! நாலு வீடும் நாள்தோறும் நேரம் பார்க்கப் பயன்படுத்திய இருமல். அது ஏறியது, அவர் விழுங்கினார். அது திரும்ப ஏறியது. அவர் முகம் சிவந்தார், கண்ணீர் வடித்தார், நாற்காலியின் கையைப் பற்றினார். அதற்குமேல் தாங்காது என்றறிந்த கணத்தில், செருப்புகூடப் போடாமல் எழுந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, தெருமுனைவரை விரைந்து போய், அங்கே ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு ஆசைதீர இருமி, வாயைத் துடைத்து, திரும்ப வந்து அமர்ந்தார்.

உள்ளே, எட்டாம் முறையாக... இல்லை, பத்தாம் முறையாக... கடல் அமைதியாக இருந்தது. இம்முறை உண்மையாகவே இருந்தது. கப்பல் தலைவன் மகனின் கையைத் தேடிப் பிடித்தான். சொல்ல வேண்டியதைச் சொன்னான். அவனுடைய கடைசி மூச்சை, விசிலில்லாமல், மணியில்லாமல், முப்பத்திரண்டு புடவைகளும் மூச்சடக்கிக் கேட்க, குரலரசி மெல்லப் பிரிய விட்டாள். அதன்பின் வரும் இரண்டு நொடி அமைதியையும் முழுசாகப் பதிந்தாள். கை எழவில்லை; தட்டுவதற்கு ஒன்றுமில்லை.

சங்குகள் முழங்கட்டும்! முரசங்கள் அதிரட்டும்! இரண்டு ஐம்பத்தேழுக்கு, வியர்வை வழியும் விரலால், பன்னிரண்டு பாகங்களின் வாசலைத் திறக்கும் அக்கோப்பை அவள் வான்வழி ஏவினாள், அது மலை கடந்து, மாடம் கடந்து, நகர் கடந்து, நிறுவனத்தின் வாயிலில் இரண்டு ஐம்பத்தெட்டுக்குப் போய் விழுந்தது, கூடத்துக்கு ஓடி வந்தவளை, "முடிஞ்சுதாம்மா?" என்று ஒட்டடைக்கம்பேந்திய காவலர் எழுந்து நின்று எதிர்கொண்டார், நான்கு வீடுகளும் நாற்றிசையும் நோக்கி நிற்க, வெற்றித்திருமகள் வாகை சூட்டக் கையெடுத்த அப்பொழுதில், மின்னஞ்சலில் பதில் ஒன்று வந்து நின்றது.

மூன்று மணிக்குள் வேண்டும் என்ற அலுவலர் ஒன்றரை மணிக்கே அரைநாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார், திங்கட்கிழமை வந்து கேட்பாராம்.